அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் ஆறு பேர்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தோளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"செபஸ்தியார ரோட்டுல எறக்கி வச்சிட்டுத்தான் அந்தோனியாரத் தூக்கப் போனோம்."

"ஏங்க அப்பிடி?"

"எங்க தோட்டத்துல மேல் டிவிசன் அந்தோனியார் கோயிலயும் எங்க செபஸ்தியார் கோயிலயும் ஒரே பாதருக்குக் கீழ ஒரே பங்கா சேத்துட்டாங்கல்ல. இதான் மொதத் திருநாள். ஊர்வலத்துல யாரு முன்னால போறதுன்னு மூனு கூட்டம் போட்டும் முடியல."

"பாதர் ஒன்னும் சொல்லலியா?"

"அவரு பாவம், ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல கொண்டு போங்கன்னுட்டாரு. ஒரு சுரூபத்தத் தூக்க ஆறு பேரு வேணும். அன்னைக்குப் பாத்தா அவங்க பக்கம் மூனு பேரு, எங்க பக்கம் மூனு பேரு. பொடியங்க எல்லாம் கொழும்புல கடையில நிக்கிறாங்க. இருக்கிறவங்களுக்கு இடுப்பு வலி."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. ஆறு பேருமா செபஸ்தியார ரோட்டு வளைவு வரைக்கும் கொண்டு போயி அங்க ஒரு மேசையில வச்சிட்டு, திரும்பி வந்து அந்தோனியாரத் தூக்கினோம். கோயில் வரைக்கும் இப்பிடியேதான். சனமும் செபமாலை சொல்லிக்கிட்டே எங்க பின்னால போகுது, திரும்பி வருது. மழை வேற."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் என்னா செய்வீங்க?"

"யாரு முன்னாலன்னு முடிவு பண்ண ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்கு."

"தூக்க ஆளு வருமா?"

"கூட்டத்துக்கு எல்லாரும் வருவாங்க."