அழுத்தாத எஃப் ஏழு

“எஃப் ஏழு எங்கேம்மான்னு கேட்டா, ஏழுலயே இருக்குங்கிறியே, அது எப்படி—”

“ஏழுலதான் இருக்குக்கா, நீங்க எஃப்என் கீயைப் பிடிச்சுக்கிட்டு—”

“எந்தக் கையால பிடிக்க?”

தொடங்கியது இப்படித்தான், ஐயா. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக ரத்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள் நான். எதிரே நின்றவள் மேற்பார்வையாளர். என் மகள் வயது இருக்கும். பழைய கீபோர்டின் மேல் வரிசையில் எஃப் ஏழு தனியாக இருந்தது. ஆபத்தான அளவு எதையாவது பார்த்தால் ஒரு தட்டுத் தட்டுவேன். வார்டில் மணி அடிக்கும், நர்ஸ் ஓடுவாள். புதிதாக வந்த குட்டைக் கீபோர்டில் அந்த வரிசையே இல்லை. மேசை பார்க்க லட்சணமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஏழோடு எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடித்தால்தான் அது எஃப் ஏழு. எஃப்என் இருப்பதோ இடது மூலையில். என் இடது கை விரல்கள் பஸ் கதவில் நசுங்கியதிலிருந்து மடங்குவதில்லை, வலது கையால்தான் தட்டுவேன். பழையதையே கொடுத்துவிடச் சொன்னேன். அதெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று, போகப் போகப் பழகிவிடும் என்றாள்.

நானும் சமாளித்துப் பார்த்தேன். எஃப்என் மேல் பேப்பர் வெயிட்டைத் தூக்கி வைத்தேன். நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் அதை எடுக்க மறந்து, அடுத்த அறிக்கையில் வயது எழுபத்தேழு என்று தட்டிவிட்டேன். எண் விழவில்லை, எஃப் ஏழு இரண்டு முறை விழுந்தது. வார்டே ஓடியது. அந்தப் பெரியவர் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். யாருக்கு என்ன ஆச்சு என்று அவரும் எழுந்து எட்டிப் பார்த்தாராம். அன்றிலிருந்து நான் ‘டபுள் ஏழு அக்கா’. கான்டீனில் மேற்பார்வையாளர் என்னைப் போல நடித்தே காட்டினாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மறுநாளும் நடிப்பாள்.

பிறகு இடது விரலாலேயே எஃப்என்னை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை சுண்டி இழுக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். அத்தனைக்கும் நம்மால் ஆகாது என்று தெரிந்ததும் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். குழந்தை என்றால் கட்டாயம் அழுத்துவேன். பிள்ளைத்தாய்ச்சி என்றாலும் அப்படியே. எண்பது தாண்டியவர்களை விட்டுவிடுவேன். அறிக்கை மற்றவற்றோடு வரிசையில் போகும். யாராவது திறக்கும்போது பார்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் எண்பது எழுபதாயிற்று. ஏன் என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் சாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பேர் என்று கேட்டீர்கள். தெரியாது, ஐயா. ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டும்.

போன மாதம் மேற்பார்வையாளரின் அம்மாவைச் சேர்த்தார்கள். சிறுநீரகக் கோளாறு. வார்டிலிருந்து அவளே போன் செய்தாள். குரலில் அன்றைக்கு அதிகாரம் இல்லை.

“அம்மாவோட ரத்த சாம்பிள் அங்க வருதுக்கா. கொஞ்சம் பாத்துக்குங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன், பார்க்கவும் செய்தேன். பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகிற அளவு. வயது ஐம்பத்தெட்டு, அதாவது என் முறைப்படியே அழுத்த வேண்டியவர். பொய் சொல்வதற்கில்லை, அன்று விரலும் வலிக்கவில்லை. அறிக்கையை வரிசையில் விட்டுவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போனேன். இரண்டு மணி நேரம் யாரும் திறக்காமல் கிடந்ததாம். திறந்தபோது அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

அவ்வளவுதான். வாக்குமூலத் தாளை இப்படித் தள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். முதல் வரி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

“நான் எந்தக் கீயையுமே தொடலையே. கொலை செஞ்சேன்னு எப்படிங்க எழுதியிருக்கீங்க?”