மூன்றடி நீட்டிய வீடு

பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்குத் தூசியைக் கண்டால் ஆகாது. காலையில் கடையைத் திறந்து, முன்வரிசைக் குடங்களைத் துடைத்து வைத்தால்தான் எனக்குக் காப்பி உள்ளே இறங்கும். இதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன் ஐயா. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் தெருவைப் பற்றிச் சொல்லாமல் ராசம்மாளைப் பற்றிச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நெய்க்காரத் தெருவில் பட்டப்பகலில் நாய் குறுக்கே படுத்துக் கிடக்கும். அதை எழுப்பக்கூட ஆள் வராது. ராசிபுரத்து ஜனமெல்லாம் பைபாஸ் பக்கம் கண்ணாடி போட்ட கடைகளுக்குப் போய்விட்டது. பாதிக் கடைகளின் ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. சாக்கடை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்போதுதான் தெரு நலச்சங்கம் ஆரம்பித்தோம். தலைவர் முருகானந்தம் மாலை போட்டுக்கொள்வதற்கு. வேலையெல்லாம் செயலாளர் நவநீதகிருஷ்ணன் தலையில். அது நான்தான்.

சாக்கடைக்கு மூடி போட்டோம். எல்லாக் கடைக்கும் ஒரே அளவில் பெயர்ப்பலகை, ஒரே இளமஞ்சள் வண்ணம். பெண்கள் உட்கார கல் பெஞ்சு. சந்தை நாளில் வண்டி நுழையாதபடி தெருமுனையில் கயிறு. இரண்டே வருஷத்தில் கல்யாணப் பட்டு எடுக்கிறவர்கள் தம்மம்பட்டியிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த கடைகளுக்கு வாடகைக்கு ஆள் நின்றது. எப்படிச் செய்தீர்கள் என்று பக்கத்து ஊர்ச் சங்கத்தார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

மாவட்டத்துக்கு ஒரு மாதிரிக் கடைவீதி தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நான் சங்கத்தைக் கூட்டி, இது நம் தெருவுக்குத்தான் வர வேண்டும் என்றேன். பார்வையிட வந்த அதிகாரிக்கு எல்லாம் பிடித்திருந்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேராகக் கல் நடைபாதை போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்படியே நடந்துபோய்ப் பதினான்காம் எண் வீட்டு வாசலில் நின்றார். அந்த வீடு மட்டும் வரிசையை விட்டு மூன்றடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

அதுதான் ராசம்மாள் வீடு. சுண்ணாம்பு மெத்தை வீடு. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மொட்டைமாடி, சுற்றி முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். புருஷன் போனபிறகு முன்னறையில் இட்லிக்கடை போட்டு, மகள் இலக்கியாவைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்தாள். ஐம்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். முன்பக்கம் மூன்றடியை விட்டுக் கொடுங்கள், சுவரைச் சங்கமே கட்டித் தரும் என்று நான் மூன்று தடவை நேரில் போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை கடை நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, தெருவுக்கு அழகு வேணும்னா மூஞ்சி கழுவச் சொல்லுங்க, கழுவிக்கறேன். நீங்க மூக்கையே அறுக்கச் சொல்றீங்களே" என்றாள். "அந்த மூணடியிலதானுங்க என் அடுப்பு இருக்குது. அடுப்பு போச்சுன்னா நான் உங்க கல் பெஞ்சுல உக்காந்து காத்து வாங்கறதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டா அவள் பேரில் சுத்தமாக இருந்தது, சட்டப்படி அவளை ஒன்றும் செய்ய முடியாது. வீடு குடியிருக்க ஆபத்தானது என்று நகராட்சி ஒரு தாள் கொடுத்தால்தான் இடிக்க வழி உண்டு. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் அவள் கையால் இட்லி சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் சங்கத்தில் மாடி ஞாயிறு என்று ஒரு வழக்கம். நான் கொண்டுவந்ததுதான். ஐப்பசி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து ஆட்கள் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஏறி, வேப்பிலைச் சருகை வாரி, மழைத்தண்ணீர் வடியும் தூம்பைக் குத்திவிட்டு வருவோம். முடிந்ததும் நோட்டில் வீட்டு எண்ணுக்கு நேராக ஒரு டிக். பழைய வீடு நிறைந்த தெருவில் இதைவிட உபயோகமான காரியம் கிடையாது. எந்தெந்த வீட்டுக்கு யார் யார் என்று நான்தான் பிரித்துக் கொடுப்பேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பதினான்காம் எண்ணை எனக்கே எழுதிக்கொண்டேன்.

அந்த மாடிக்கு ஒரே தூம்புதான், கை நுழையும் அளவு. கடையில் பித்தளை அண்டாவைச் சுற்றி வந்த சாக்கைக் கிழித்து உள்ளே திணித்தேன். மேலே கொஞ்சம் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பூசினேன். அதற்குமேல் சருகைத் தள்ளினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கி வந்ததும் ராசம்மாள் டீயும் இரண்டு உளுந்து வடையும் கொடுத்தாள். முழங்கால் வலியால் அவள் ஏணி ஏறுவதே இல்லை. "இந்த வயசுல எங்க ஊட்டு மேலல்லாம் ஏறி எறங்கறீங்க, நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். வடை சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு நோட்டில் டிக் அடித்தேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் ஒழுகல். ஒழுகினால் பொறியாளர் மறுபடி வருவார், தாள் கிடைக்கும், அவள் மகளோடு சேலத்தில் போய் இருப்பாள். அவ்வளவுதான் என் கணக்கு. முதல் வருஷ மழையில் சுவர் ஓரம் ஈரம் கண்டதோடு நின்றுவிட்டது. தேக்கு நல்ல தேக்கு. வெயில் காலத்தில் அவள் தம்பி அன்பழகன் எடப்பாடியிலிருந்து வந்தான். கொத்தனார். உள்பக்கம் உத்திரத்தை ஒட்டி விரிசலைச் சிமெண்டால் பூசினான். மேலே ஏறிப் பார்க்கிறேன் என்று ஏணியை எடுத்தவனிடம் நான் நோட்டைக் காட்டினேன்.

"சங்கத்துல ஏறிப் பார்த்தாச்சு சாமி. பழைய ஊடு, அப்படித்தான் வேர்க்கும். நீ வேற மேல நடந்து ஓட்டை போட்டுடாதே" என்றேன். அவன் ஏணியைச் சாத்திவிட்டான். நல்ல பையன், பெரியவர்கள் சொன்னால் கேட்பான்.

போன வருஷம் மாடி ஞாயிறுக்கும் நான்தான் ஏறினேன். சாக்கு அப்படியே இருந்தது. பூச்சில் ஒரு கீறல் விட்டிருந்தது, அதைச் சரி செய்தேன். பிறகு மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ராசம்மாள் என் கடைக்கே வந்தாள். பின்னறைத் தகரம் ஒழுகுகிறது, மத்தியானத்தில் கொஞ்சம் சாயக்கூட இடமில்லை, முன்னறையிலும் மண் உதிர்கிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்றாள். மழை விடட்டும், ஆள் அனுப்புகிறேன் என்றேன். அதுவரை முன்னறையிலேயே அரிசி மூட்டைக்குப் பின்னால் பாயைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நனையாமல் இருக்கட்டும் என்ற அக்கறையில் சொன்னதுதான்.

அன்று மத்தியானம் மூன்று மணி வாக்கில் நான் அந்த வழியாக வந்தது உங்களுக்குத் தெரியும். பத்திரிகையிலும் போட்டிருந்தார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியின் டிரைவர் பூபதியும் அவன் கூட்டாளியும் உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். உத்திரம் முனகுகிற சத்தம் கேட்டது. பூபதியின் இலையில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. அவன் மழைச் சத்தத்தில் ஒன்றும் கவனிக்கவில்லை. "பூபதி, உன் பைக் வழியை அடைக்குது, ரெண்டு பேரும் வந்து நகத்துங்க" என்றேன். எச்சில் கையோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பைக்கில் கை வைப்பதற்குள் மாடி மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. செயலாளரின் சமயோசிதத்தால் இரண்டு உயிர் தப்பியது என்று மறுநாள் செய்தி. பூபதியின் மனைவி என் காலில் விழுந்தாள்.

ராசம்மாளை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. நானும் கடப்பாரை பிடித்தேன். அழுதேன். நடித்தேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அழுகை வந்தது.

அன்பழகன்மேல் நீங்களாகத்தான் சந்தேகப்பட்டீர்கள். விரிசலை மூடி மறைத்தது அவன்தானே என்று தெருவில் பேச்சு. அக்காள் வீட்டின்மேல் அவனுக்குக் கண் இருந்ததாகவும் பேசினார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அப்படியும் இருக்குமோ என்று நாலைந்து பேரிடம் கேட்டேன், அவ்வளவுதான். நீங்கள் அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்த இரண்டு நாளும் அவனுக்குச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் எனக்கு முதலில் நெருடியது. இலக்கியா எனக்கு இலை போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள். "மாமா, நீங்க மேல ஏறுனப்போ தண்ணி தேங்கி நின்னுதுங்களா?" என்று கேட்டாள். இல்லை சாமி என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை. அதற்குப் பிறகு முருகானந்தம் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். நான் நட்ட பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னையே ஜாடையாகப் பார்க்கிறார்கள். போன வாரம் இடிபாட்டை அள்ளும்போது தூம்புக் குழாய் முழுசாகக் கிடைத்தது, உள்ளே சாக்கோடு. சாக்கில் அண்டா வந்த கம்பெனியின் முத்திரை பாதி தெரிகிறதாம். அதைக் கண்டு பயந்து நான் இங்கே வரவில்லை. அந்தக் கம்பெனிச் சாக்கு ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும்.

நானாக வந்ததற்குக் காரணம் வேறு. விசாரணை முடியாததால் மாதிரிக் கடைவீதிக் கோப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தத் தை முடிவதற்குள் தீராவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு ஆளின் பெயர் கிடைத்தால் உங்களுக்கும் வேலை முடியும், தெருவுக்கும் வழி பிறக்கும். அந்த மூன்றடி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. கயிறு பிடித்துப் பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூல் பிடித்தமாதிரி நேராக வருகிறது. இதற்குமேல் சங்கத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். வீட்டுக்கு ஆபத்து என்று ஒரு தாள் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அன்றைக்கு உத்திரம் முனகியதும் பைக்கைப் பற்றிப் பேசாமல், கூரை விழுகிறது என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்றீர்கள். நியாயமான கேள்வி. பூபதிக்குப் பரிமாறிவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் அவள் படுத்திருப்பது எனக்குத் தெரியும். மூட்டை ஓரத்தில் அவள் கால் தெரிந்தது. முழங்கால் வலியோடு எழுந்து வெளியே வர நேரமும் இருந்தது.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள் ஐயா. மழை விட்டதும் தம்பியை வரவழைத்து, உத்திரத்தை மாற்றி, அதே இடத்தில் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள்.