இருபதும் பதினெட்டும்

கார் பந்தயத்திலும் பைக் பந்தயத்திலும் ஒரே மாதிரி புள்ளி போடமாட்டார்கள், ஐயா. முதலிடத்துக்கு இரண்டிலும் இருபத்தைந்துதான். இரண்டாவதாக வந்தால் காரில் பதினெட்டு, பைக்கில் இருபது. காரில் பத்தாவது இடத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். பைக்கில் பதினைந்தாவதாக வருபவனுக்கும் ஒரு புள்ளி உண்டு. எனக்கு பைக் முறைதான் பிடிக்கும். அதில் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. நானும் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தவன். நான் தொட்ட உச்சம் பதினான்காவது இடம். கார் கணக்கில் பூஜ்யம். பைக் கணக்கில் இரண்டு புள்ளி.

அதன்பிறகு கணக்குப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். காலையில் ஒரு கார் அணிக்குப் புள்ளி பார்த்துச் சொல்வேன். மதியம் தம்பிக்காகப் பாதையோரச் சுவரில் நின்று பலகை காட்டுவேன். கார்காரர்களின் காதில் ரேடியோ வழியாகப் பேசலாம். பைக் ஓட்டுபவனுக்கு அந்த வசதி இல்லை. பலகையில் நான் எழுதுவதுதான் அவனுக்குச் செய்தி.

தம்பியை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பைக்கில் ஏறினால் ஆளே வேறு. கூட்டல் கழித்தல் என்றால் மட்டும் தலை தெறிக்க ஓடுவான். "அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவான்" என்பான்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒரு பேட்டி கொடுத்தான். மெக்கானிக், டயர்காரர், வீட்டு நாய் என எல்லோருக்கும் நன்றி சொன்னான். என்னைப் பற்றிக் கேட்டபோது, "எங்கண்ணனுக்கு ஓட்டத் தெரியாது, கூட்டத்தான் தெரியும்" என்றான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா அதைப் பக்கத்து வீடு வரை கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தாள். அவன் என்னைக் குத்திப் பேச நினைக்கவில்லை. அது எனக்கு அன்றே தெரியும்.

கடைசிப் பந்தயம் தொடங்கும்போது வாலு ஆறு புள்ளி முன்னால் இருந்தான். மழை. அவனுடைய போட்டியாளன் முதலில் போய்க்கொண்டிருந்தான், இவன் இரண்டாவது. மூன்றாவது ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. அப்படியே வந்து சேர்ந்திருந்தால் போதும். இருபத்தைந்தில் இருபது போனால் ஐந்து; ஒரு புள்ளியில் வாலுதான் சாம்பியன். கார் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் ஏழு. ஒரு புள்ளியில் தோல்வி.

மூன்று சுற்று மீதியிருக்கும்போது பலகையில் "2 போதாது" என்று எழுதிக் காட்டினேன். முந்தப் பார்த்தான். மூன்றாம் வளைவில் வழுக்கி, தடுப்பில் மோதி, அங்கேயே இறந்துபோனான்.

விசாரணையில், காலையில் பார்த்த கார் கணக்கு மண்டையிலேயே நின்றுவிட்டது என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். "காலைல காரு, மத்தியானம் பைக்கு. யாரா இருந்தாலும் குழம்பத்தான் செய்யும்" என்று மெக்கானிக் எனக்காகப் பரிந்து பேசினார். தம்பி மனைவி தினமும் எனக்குச் சோறு எடுத்து வருகிறாள். "நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க, மாமா? ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்கிறாள். அந்தச் சோறு எனக்குள் இறங்கவில்லை. அதனால்தான் மறுபடி உங்களிடம் வந்தேன்.

நான் குழம்பவில்லை, ஐயா. அவன் ஒரு தடவையாவது தோற்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முந்தும் அவசரத்தில் பாதை விலகி, நான்காவதோ ஐந்தாவதோ வருவான் என்று நினைத்தேன். விழுவான் என்று நினைக்கவில்லை. அதே வளைவில் அன்று இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இருந்தாலும் நினைக்கவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. மெக்கானிக் மழைக்கு உள்ளே போயிருந்தார், அதனால் வேறு யாரும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தவன் உடனே முந்தப் போகவில்லை. அடுத்த சுற்றில் வேகத்தைக் குறைத்துச் சுவரை ஒட்டி வந்தான். இடது கையைத் தூக்கி, இரண்டு விரலை விரித்துக் காட்டினான். இரண்டாவதே போதாதா என்று கேட்டான். பதில் எனக்குத் தெரியும். போதாது என்று தலையாட்டினேன்.

அவன் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.