"இதர செலவு" என்ற வரியில் யார் இருக்கிறார்கள்?

அவைக்குத் தலைமை ஏற்று, நான் ஒலிவாங்கியைத் தொட்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட சங்கத் தலைவர் அவர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், தொழிலில் என் போட்டியாளரே, உறவில் என் சம்பந்தியே! இந்தப் பனியன் தொழிலை ஒற்றைப் பின்னல் இயந்திரத்தில் தொடங்கி ஊரறிய வளர்த்த பெரியோர்களே! நூல் நூற்கும் நுண்ணறிவாளர்களே! வெட்டியும் தைத்தும், தேய்த்தும் மடித்தும், நம் பெயரைக் கடல் கடக்க வைக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் உடன்பிறந்த தங்கையே! அனைவரின் பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

ஏற்றுமதிப் போட்டியில் நாம் ஏன் தோற்கிறோம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தோற்பதில் எனக்கு அனுபவம் அதிகம் என்று யாரோ சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் கணக்குப் புத்தகமும் எனக்குத் தெரியும்.

தலைவரின் கையில் ஒரு மனு இருக்கிறது. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கட்டாயத்திலிருந்து நமக்கு இரண்டாண்டு விலக்கு வேண்டும், இல்லையேல் சாயப்பட்டறைகளை மூட வேண்டியதுதான் என்று அரசைக் கேட்கும் மனு. நாற்பத்தொரு கையெழுத்து. இன்று மாலை தீர்மானமாகப் போகிறது. அந்த மனுவை எழுதியவன் யார்? முதல் கையெழுத்துப் போட்டவன் யார்? உங்கள் முன் நிற்கும் இந்த உத்தமன்தான்!

ஏன் எழுதினேன்? என் கறுப்புப் பனியனை நீங்கள் அறிவீர்கள். துவைத்தால் வெளுக்காது, வியர்த்தால் ஒட்டாது, விலையிலும் என்னை யாரும் தொட முடியாது. இருபது வருடம் மார் தட்டினேன். ஆர்டர் மலை போல் வந்தது. நட்டமும் அதே மலை உயரத்துக்கு வந்தது. வெளிர் நிறப் பனியனுக்கோ ஆளே இல்லை. "உங்கள் விலை அதிகம்" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சுத்திகரிப்பு நிலையம்தான் என்னைத் தின்கிறது என்று முடிவு கட்டினேன். நூற்று முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையை மூடுவதற்கு அறிவிப்பைக்கூடத் தட்டச்சு செய்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

அந்த இழுப்பறையைத் திறந்தவள் என் தங்கை. என் நிறுவனத்தில் விலை கணிக்கும் வேலை அவளுடையது. அறிவிப்பைப் படித்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. விலைக்கணிப்புத் தாளை என் முன்னால் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அண்ணா, இந்த இதர செலவுன்னு ஒரு வரி இருக்கே, இதுல யாரு இருக்கா?"

அதில் டீ, காகிதம், வாசல் விளக்கு, அவற்றோடு தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாம் இருக்கிறது என்றேன். மொத்தத்தையும் கூட்டி, பனியன் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சமமாக வைத்துவிடுவோம். என் அப்பா அப்படித்தான் செய்தார். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை. நல்லது, நாம் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம்.

மறுநாள் காலை அவள் ஒரு முக்காலியையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போனாள். இயந்திரம் தண்ணீரை வடிக்கும்போதெல்லாம் சுவரில் ஒரு கோடு. எட்டு நாள் உட்கார்ந்தாள். தாங்கள் டீ குடிக்கப் போவதைத்தான் எண்ணுகிறாள் என்று தொழிலாளர்கள் பயந்து, இரண்டு நாள் டீயே குடிக்கவில்லை. பிறகு விஷயம் தெரிந்ததும் "சாக்பீஸ் அம்மா" என்று பெயர் வைத்து, அவளுக்கும் ஒரு டீ சேர்த்துச் சொன்னார்கள்.

எட்டாம் நாள் என்னைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். வெளிர் நிறத்துக்கு மூன்று கோடு. என் அருமைக் கறுப்புக்குப் பதினொன்று!

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் கடைக்குப் போகிறார்கள். ஒருவர் ஒரு டீ குடிக்கிறார். இன்னொருவர் வயிறு முட்டச் சாப்பிடுகிறார். பில்லைச் சரிபாதி போட்டால் என்ன ஆகும்? டீ குடித்தவர் மறுநாள் வரமாட்டார். சாப்பிட்டவர் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். என் தொழிலில் நடந்தது அதுதான். மூன்று கோட்டுப் பனியன் தலையில், சராசரி என்று ஏழு கோட்டுச் செலவை வைத்தேன், அது ஓடிப்போனது. பதினொரு கோட்டுப் பனியனையும் ஏழுக்கே விற்றேன், அது குவிந்தது. குவியக் குவிய நட்டம். என்னைத் தின்றது தண்ணீரா? தண்ணீரை எண்ணத் தெரியாத என் தலைக்கனமா?

இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தப் பதினொன்றில் கடைசி இரண்டு அலசல் எதற்கு என்று தங்கை கேட்டாள். சாயமாஸ்டர் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் முதலாளி சொன்னீங்க. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பனியன் சாயம் விட்டுச்சுன்னு கத்துனீங்களே. அன்னைலேருந்து ரெண்டு அலசு சேத்துப் போடறேன். நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லவே இல்ல."

ஐயா, நான் ஒரு நாள் கத்தியதைப் பதினாறு வருடம் கழுவியிருக்கிறார் அந்த மனிதர்! சோதித்துப் பார்த்தோம். ஒன்பது அலசலிலேயே கறுப்பு கல்லாக நின்றது. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அவரவர் செலவை அவரவர் தலையில் வைத்து, புது விலையை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். கறுப்பு ஏறியது, வெளிர் நிறம் இறங்கியது. தொலைபேசி மணி அடித்தபோது, இருபது வருட உறவு அறுந்தது என்றே நினைத்தேன். அவர் ஏற்றத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. ஒரு பனியனுக்கு எத்தனை தண்ணீர் என்று எங்களிடம் கணக்கு இருக்கிறதா என்றுதான் கேட்டார். அவர் ஊர்க் கடைகளில் இப்போது அதைக் கேட்கிறார்களாம். தங்கை சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள். கறுப்பில் பாதியைக் குறைத்துக்கொண்டார். வெளிர் நிறத்தில் இரண்டு மடங்கு கொடுத்தார். மூடும் அறிவிப்பை என் தங்கையே கிழித்தாள்.

அவர் குறைத்த பாதிக் கறுப்பு எங்கே போனது என்று பின்வரிசையில் ஒரு அன்பர் கேட்கிறார். எப்படிச் சொல்வேன்? பழைய விலைக்கே அதை வாரிக்கொண்டு போனவர் என் அருமைச் சம்பந்தி! பெண்ணையும் கொடுத்தேன், கறுப்பின் நட்டத்தையும் கொடுத்தேன். போன மாதம் நாற்பத்தொன்றாவது கையெழுத்தைப் போட்டவரும் அவரே. கோபித்துக்கொள்ளாதீர்கள் சம்பந்தி, உங்கள் நட்டம் என் மகள் வீட்டு நட்டம். அதனால்தான் ரகசியத்தை மேடையிலேயே உடைக்கிறேன்.

அன்பர்களே! விலக்குக் கிடைத்தால் செலவு மறைந்துவிடுமா? நம் தாளை விட்டு வெளியேறி வேறு யார் வீட்டு வாசலில் போய் நிற்கும்? என் தொழிற்சாலையில் தேய்ப்பு மேஜையில் ஒரு அம்மா நிற்கிறார். சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முந்திய நாட்களில் அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை இது:

"இன்னைக்கு என்ன கலர் ஓடுதுன்னு எங்க வீட்டுக் கிணத்து வாளியப் பாத்தே சொல்லிடுவேன் முதலாளி."

அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். எந்த வரியில் எழுதினேன் அந்த வாளியை? எந்தப் பனியனின் விலையில் சேர்த்தேன் அந்தத் தண்ணீரை? எழுதாத செலவையும் யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் சம்பளம் வாங்கி, என் செலவைக் கட்டினார் அந்த அம்மா. அம்மா, எட்டாவது வரிசையில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

எண்ணியவன் குறைப்பான், குறைத்தவன் வெல்வான்! ஒளித்தவன் இன்று விற்பான், நாளை தோற்பான்! இதைச் சொல்ல எனக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. என் தங்கைக்கு ஒரு முக்காலி போதுமாயிருந்தது.

தலைவர் அவர்களே, அந்த மனுவைக் கொஞ்சம் கொடுங்கள். பேனாவும் வேண்டும். இதோ, முதல் கையெழுத்தை அடித்துவிட்டேன். இனி நாற்பதுதான். பூங்கொத்துக்குப் பதிலாக உங்களுக்கு இந்தச் சாக்பீஸ் பெட்டியைத் தருகிறேன். நாளைக் காலை என் தங்கை முக்காலியோடு உங்கள் பட்டறைக்கு வருவாள். அவளுக்கும் ஒரு டீ சேர்த்துச் சொல்லுங்கள்.

என்ன சம்பந்தி, பேனாவை நீங்களும் கேட்கிறீர்களா? தாராளமாக. அட, கடைசிப் பெயரும் போயிற்று! முப்பத்தொன்பது!

கைதட்டலைத் தூணுக்குப் பின்னால் இருப்பவளுக்குத் தாருங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், வாளியைத் தூக்கி வாழ்ந்த தாய்மார்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. பேனா மேடையிலேயே இருக்கிறது. வணக்கம்.