மடியில் வந்த திருகு

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த தலைப்பாகைக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“பனமரத்துப்பட்டி ஏரியே எங்க ஊட்டுக்குள்ள வருதுங்க.”

“ஏரி எப்படீங்க ஊட்டுக்குள்ள வரும்?”

“சேலத்துல புது ஊடு வாங்கியிருக்கறனுங்க. அந்த ஏரித் தண்ணிதான் கொழாயில வருது. பொத்தானத் தட்டுனா வெளக்கு எரியுது.”

மடியை அவிழ்த்துப் பித்தளைத் திருகு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“கொழாயத் தொறக்கற திருகுங்க இது. தோட்டத்துல இருந்தப்ப வெளியூரு போனா கெணத்துக் கயித்தக் கழட்டி வெக்கறமில்லீங்க, அப்படித்தான். இல்லாட்டி அக்கம்பக்கத்துச் சனம் தண்ணியப் புடிச்சுப்புடும்.”

“அப்ப ஊட்டுல இருக்கறவிங்களுக்குத் தண்ணி?”

“அத உடுவனுங்களா? நாளன்னிக்கு நான் வாரவரைக்கும் ஊட்டுக்காரிக்குத் தண்ணி வேணுமில்லீங்க? கொழாய நல்லாத் தொறந்து உட்டுட்டுத்தான் திருகக் கழட்டுனேன்!”