பெருமாள் கேட்டால்

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் முன் சீட்டில் பேசினால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ். ஐம்பது தாண்டிய கணவன் மனைவி. அவர் மடியில் ஒரு ஸ்கேன் கவர்.

“ஹெர்னியான்னு வயித்தைக் காட்டப் போனா, மனசு டாக்டரைப் பாருங்கோன்னு எழுதித் தரார். எனக்கென்ன பைத்தியமா?”

“பைத்தியம்னு யார் சொன்னா? ஹெர்னியா வந்தவா சில பேருக்கு மனசும் சோர்ந்து போறதாம். எதனால எது வரதுன்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்ணிண்டிருக்காளாம். நீங்க சரியா தூங்கி மூணு மாசமாச்சுன்னு நான்தான் அவர்ட்ட சொன்னேன்.”

“அதை ஏன் சொன்னே?”

“நீங்க சொல்ல மாட்டேளே.”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவர் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

“இருபத்திரண்டு வருஷம் பெருமாள் பல்லக்கைத் தாங்கின தோள். ஆபரேஷன் ஆனாலும் இனிமே வெயிட் தூக்கப்படாதுங்கறார். நாளைக்குப் புறப்பாடு. நான் நம்மாத்துக்குள்ளயே இருந்துக்கறேன்.”

“இருக்க வேண்டாம். இத்தனை வருஷமும் பல்லக்குத் தண்டுக்கு அடியில தலையைக் குனிஞ்சுண்டே வந்தேள். வீதியில பெருமாள் முகத்தை ஒருநாளாவது பாத்திருக்கேளா? நாளைக்கு என்னோட நம்மாத்து வாசல்ல நின்னு சேவிங்கோ.”

“எதிர்ல போய் நின்னா, ஏண்டா தோள் குடுக்கலைன்னு கேப்பாரே.”

அந்த அம்மாள் ஸ்கேன் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்.”