கிழமைக்கு ஒன்று

அந்தக் கதிரையில் இருக்காதீர்கள் மெடம், அதன் பின்கால் ஆடும். ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்று நளீம் மச்சான் சொல்லிச் சொல்லியே மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். இதில் இருங்கள். தேத்தண்ணீருக்குச் சீனி குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். யன்னல் சீலையை மட்டும் விலக்க வேண்டாம், இருட்டாக இருந்தால் லைட்டைப் போடுகிறேன். ஆம்பிளைப் பொலிஸை அனுப்பாமல் ஒரு பெண்ணை அனுப்பச் சொல்லி நான் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கொண்டுவந்த கடதாசியை வாசித்தேன். என் தங்கச்சி அஸ்பியாவுக்குக் கொடுத்த விற்றமின் டி குளிசையின் அளவு பிழையாக எழுதப்பட்டதால் அவள் மரணமானாள் என்று இருக்கிறது. கீழே நான் கையொப்பம் வைக்க வேண்டும். எல்லாம் சரி, அந்தப் 'பிழையாக' என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். கல்முனை பஸாரில் ஹாதிக்கின் பாமசியில் நான் பதினெட்டு வருடம் மருந்து கொடுத்தவள். கோழி கிண்டியது மாதிரி டொக்டர் எழுதிய துண்டு வந்தால், மற்றப் பாமசிக்காரர்களும் "ஸகியாட்டக் காட்டுங்க" என்று என்னிடம்தான் அனுப்புவார்கள். ஒரு பிள்ளையின் இருமல் பாணியில் அரைக் கரண்டியைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இப்போது ஊர் முழுக்க, பாவம், கவலையில் கண் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று கதைக்கிறார்கள். அந்தப் பேச்சுத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார், வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். உங்களுக்கும் தெரிந்த விசயம்தானே. கடற்கரையோரம் இருந்த வீட்டை வாப்பா என் பேரில் எழுதினார். அந்த வீட்டுக்கு நளீமைப் பேசி முடித்தார்கள். எனக்கு இருபது வயது, நோன்புப் பெருநாள் கழித்து ஒரு மாதத்திற்கும் மேல் ஆகியிருந்தது, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. அதற்குள் சுனாமி வந்தது. உம்மாவும் போனா, வீடும் போனது, அந்த இடத்தில் இனிக் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் மட்டும் தகரப் பெட்டிக்குள் இருந்து தப்பியது. இன்னும் என்னிடம் இருக்கிறது, கடலுக்குள் பதினாலு பேர்ச் காணி.

நாலு வருடம் கழித்து உள்ளே தள்ளி ஒரு வீட்டுத்திட்டத்தில் இந்த வீடு கிடைத்தது. வாப்பா இதை அஸ்பியாவின் பேருக்கு எழுதினார். நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை, அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரு குமருக்கு ரெண்டு ஊடு எழுத ஏலாது மகள். ஒன்ட பங்க நான் தந்துட்டன், கடல் எடுத்ததுக்கு நான் என்ன செய்ய?" கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான். நளீமின் ஆட்கள் மறுபடியும் வந்தார்கள், இந்த முறை வீடு உள்ளவளுக்காக. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியவள் நான்.

பிறகு இந்தப் பின் அறையில் பதினைந்து வருடம். மச்சானைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். சாரன் வியாபாரம், ஐந்து வேளைத் தொழுகை, சத்தம் போட்டுக் கதைக்காத மனிதன். என்னோடு அவர் கதைத்ததையெல்லாம் எழுதினால் ஒரு கொப்பியின் ஒரு பக்கம் நிறையாது. நான் அந்தப் பக்கத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் நெஞ்சு நோவென்று படுத்தார், விடியுமுன் முடிந்துவிட்டது. அஸ்பியா இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், வெளி ஆம்பிளைகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளையும் உடுத்துவார்கள். இந்த யன்னல்களுக்கெல்லாம் சீலை போட்டது நான்தான். சொந்தக்காரப் பெண்கள் கஞ்சியும் சோறும் கொண்டுவந்தார்கள். அவளுடைய கையைப் பிடித்து அழுதார்கள், நளீம் நல்ல மனிசன் என்றார்கள். எனக்குக் கழுவுவதற்கு அவர்களுடைய சட்டிகளைத் தந்தார்கள். நாலாம் நாள் நான் நீல அபாயாவைப் போட்டுக்கொண்டு பாமசிக்குப் போனேன். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொறாமை எனக்கு இருந்தது, மெடம். வீட்டின் மேல் இல்லை. அது எப்போதோ ஆறிப்போனது. அவள் உடுத்திருந்த வெள்ளையின் மேல் எனக்குப் பொறாமை. அவருக்காக அழுவதற்கு அவளுக்கு நாலு மாதம் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது.

ஒரு மாதம் ஆகும்போது அவளுக்கு இடுப்பும் முழங்காலும் குடையத் தொடங்கின. லேடி டொக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துப் பார்த்தா. விற்றமின் டி மிகவும் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை, இந்தப் பெரிய குளிசையில் கிழமைக்கு ஒன்று வீதம், ஏழு நாளைக்கு ஒரு தரம், எட்டுக் கிழமை, அதற்குப் பிறகு மறுபடியும் இரத்தம் பார்த்து அவளுடைய உடம்புக்கு எவ்வளவு சரி என்று தீர்மானிக்கலாம் என்று என்னிடம் சொன்னா. குறைந்தாலும் கரைச்சல், கூடினால் அதைவிடக் கரைச்சல் என்றும் சொன்னா. நல்ல டொக்டர், அவவில் ஒரு பிழையும் இல்லை. சில விற்றமின் கூடினால் உடம்பு சிறுநீரில் தள்ளிவிடும். இது அப்படிப் போகாது, உள்ளே தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை நான் பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தி வந்தவள்.

உறையின் மேல் 'நாளுக்கு ஒன்று' என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும் போல வடிவாகத்தான் இருக்கிறது, அந்த உறை உங்களிடம் இருக்கிறதே, பாருங்கள். அஸ்பியா அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ராத்தா தந்தால் சரி என்று வாயைத் திறந்தாள். சிறுவயதில் காய்ச்சலுக்கு நான் குளிசை கொடுத்தாலும் அப்படித்தான் திறப்பாள்.

இரண்டாம் மாதம் முடிய, தாகம் தாகம் என்றாள். பிறகு சாப்பாடு மணத்தாலே ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். இங்கேதான் நான் நினைக்காத ஒன்று நடந்தது. இத்தாவில் இருக்கிற பெண் சத்தி எடுத்தால் எங்கள் ஆட்கள் டொக்டரைத் தேட மாட்டார்கள், விரல் விட்டு மாதம் எண்ணுவார்கள். அடுத்த வீட்டுச் சாச்சி அவளுடைய கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வயித்துப்புள்ளக்காரிட சத்திதான்கா" என்றா. மாதக் கணக்கு அஸ்பியாவுக்கு எப்போதும் முன்பின்தான். பதினைந்து வருடம் தராததை அல்லாஹ் இப்போது தந்திருக்கிறான் என்று அந்த அறையே அழுதது.

பாமசியில் இருந்து சிறுநீர் பார்க்கிற பட்டி ஒன்று கொண்டுவரச் சொல்லி அஸ்பியா என்னைக் கேட்டாள். கொண்டுவந்தேன். குளியலறைக்குள் நின்று நான்தான் பார்த்தேன். ஒரு கோடுதான், பிள்ளை இருந்தால் இரண்டு விழ வேண்டும். பட்டியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். அவள் கட்டிலில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "ஓம்" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இல்லை என்றால் டொக்டரிடம் போயிருப்பாள். அது ஒரு காரணம். அந்த முகம் எப்படி மலரும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது, அதுவும் பொய்யில்லை. பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "ராத்தா, புள்ளய மொதல்ல ஒங்கட மடியிலதான் தருவன். பேரும் நீங்கதான் வெக்கணும்." வயிற்றில் பிள்ளை இருந்தால் பெறும்வரைக்கும் இத்தா நீளும். இன்னும் ஆறேழு மாதம் அவருக்காக இருக்கப்போகிறேன் என்று சந்தோசமாகச் சொன்னாள்.

அந்த வயிற்றில் ஒன்றும் இல்லை என்று என் ஒருத்திக்குத்தான் தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை என் வாழ்நாளில் வந்ததில்லை. நான் கொடுத்த பிள்ளையின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. அடுத்த நாளில் இருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிள்ளையின் எலும்புக்கு நல்லது என்று சொன்னேன். அவள் சத்தி எடுத்தால் முகத்தைத் துடைத்துவிட்டு, போனதற்குப் பதிலாக இன்னொன்று கேட்டு வாங்கி விழுங்கினாள். நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஆளை ஆள் தெரியாமல் கதைக்கத் தொடங்கினாள். என்னை உம்மா என்று கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது கிட்னி இரண்டும் நின்றிருந்தது. இத்தா முடிய இருபத்தாறு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கவில்லை என்று டொக்டர்மார் சொன்னபோது சாச்சிதான் மயங்கி விழுந்தா.

அதனால் பிழை என்று எழுதாதீர்கள். எந்த அளவு சரி, எந்த அளவு நஞ்சு என்று தெரிந்துதான் கொடுத்தேன். என் தங்கச்சியை நான்தான் கொன்றேன். அப்படி எழுதித் தாருங்கள், கையொப்பம் வைக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு உங்களோடு ஸ்டேசனுக்கு வர முடியாது. நான் வெள்ளை உடுத்திருப்பதை அஸ்பியாவுக்காக என்று நினைத்திருப்பீர்கள், சாச்சியும் அப்படித்தான் நினைக்கிறா. நளீமுக்காக அவள் பாதியில் விட்ட நாட்களை யாராவது முடிக்கத்தானே வேண்டும். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, அது முடிந்ததும் வாருங்கள், நானே வந்து வாகனத்தில் ஏறுகிறேன். அதுவரைக்கும் என்னை வெளியே கூப்பிடாதீர்கள் மெடம், நான் இத்தாவில் இருக்கிறேன்.